மூச்சுத் திணறிய மினி பஸ்ஸும் வெள்ளவத்தைப் பிள்ளையாரும்

"இது என்ன?" என்று கேட்டார் சுங்க அதிகாரி.

என் பெட்டியில் இருந்தவற்றை வரிசையாகச் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவேன். ஐந்து நாளைக்குத் துணிமணி, ஸ்பானர் செட், கடலை மிட்டாய், ஒரு டப்பா நெய், ரப்பர் குழாய்கள், கிளிப்புகள். அவர் தூக்கிப் பிடித்திருந்தது அந்த வரிசையின் கடைசிச் சாமான்: சின்னக் குடம் அளவுக்கு உருண்டையாக, சுற்றிலும் கம்பி வலை போட்ட ஓர் ஏர் ஃபில்டர்.

"ஏர் ஃபில்டர்" என்றேன்.

"எதற்கு?"

"ஒரு வீட்டுக்கு."

"ஏசிக்கா?"

"இல்லைங்க. வீட்டோட எஞ்சினுக்கு."

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். "அந்த வீட்டுக்கு நம்பர் பிளேட் இருக்கிறதா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இருக்கிறது என்றேன். உண்மைதானே. பெட்டியை மூடி, கொழும்புக்குள் போகவிட்டார்.

நான் கோயம்புத்தூரில் ஃபில்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஓர் எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்க எவ்வளவு சிரமப்படுகிறது என்று அளந்து சொல்வது என் வேலை. தர்ஷினி என்னோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள்; வெள்ளவத்தைக்காரி. படித்து முடித்து ஊர் திரும்பி, ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தவள், போன வருடம் அதை விட்டுவிட்டு ஒரு பழைய ஜப்பான் மினி பஸ்ஸை வாங்கினாள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கூரையில் தண்ணீர் டாங்கி எல்லாம் வைத்து அதைக் கேரவன் ஆக்கினாள். வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டி, நாடு சுற்றிக் காட்டுவது திட்டம். முதல் குடும்பம் அடுத்த வாரம் லண்டனிலிருந்து வருகிறது. அவர்கள் போகக் கேட்டிருக்கும் இடம் நுவரெலியா.

"வீடு நல்லா இருக்குதடி. மலை மட்டும் ஏறமாட்டன் எண்டுது" என்று தொலைபேசியில் சொன்னாள். "கடுகண்ணாவை ஏத்தத்தில பாதியில நிண்டு கறுப்புப் புகையாத் தள்ளிச்சுது. பின்னால வந்த பஸ்காரர் எல்லாம் என்ர பரம்பரையையே விசாரிச்சவங்கள்."

கறுப்புப் புகை என்றால் டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை. அது என் துறை. நாற்காலியை விட்டு எழாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: கட்டில், அடுப்பு என்று எடை ஏறிவிட்டது, பழைய சின்ன ஃபில்டர் போதாது, பெரிய ஃபில்டரும் வளைவு குறைந்த குழாயும் போட்டால் ஏறும். வருட விடுப்பில் ஐந்து நாள் மீதி இருந்தது. புறப்பட்டேன்.

தர்ஷினியின் வீடு கடலை நோக்கிப் போகும் ஒரு சந்தில் இருக்கிறது; இங்கே அதை ஒழுங்கை என்கிறார்கள். ஒழுங்கை ரயில் தண்டவாளத்தில் முடியும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல். ரயில் போகும்போது மேசையில் தண்ணீர்க் குவளை நடுங்கும். யாரும் பேச்சை நிறுத்துவதில்லை, குரலை மட்டும் ஏற்றுகிறார்கள். ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் மணி என்று கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் உப்புக் காற்று தின்றுகொண்டிருந்தது.

தர்ஷினியின் அம்மா யோகம் ஆன்ட்டி, தபால் அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வந்த இரவே எனக்கு இடியப்பம் வைத்தார். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றுவார்கள். இங்கே அதே தேங்காய்ப்பால் மஞ்சளும் பச்சை மிளகாயும் சேர்ந்து சொதியாக வருகிறது. பக்கத்தில் மாசிச் சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி, அவித்த முட்டை. தட்டு காலியாகும் முன்பே நிரம்பியது.

"பிள்ளை, நீ வந்தது எனக்கு நல்ல சந்தோஷம்" என்றார் ஆன்ட்டி, இன்னொரு முட்டையை வைத்தபடி. "ஆனா அந்த வாகனத்தை மட்டும் திருத்திப்போடாத."

"ஏனுங்க ஆன்ட்டி?"

"திருத்தினா இவள் ஓடுவாள். ஒரு பெம்பிளைப் பிள்ளை பஸ் ஓடிக்கொண்டு மலையும் காடுமாத் திரியிறதோ? கல்கிசையில கடற்கரையோட ஹோட்டல் வச்சிருக்கிறவர் ஒருத்தர் கேக்கிறார். டயரைக் கழட்டிப்போட்டு ஜூஸ் கடை போடப்போறாராம். சனிக்கிழமை பதில் சொல்லவேணும்."

"மலை ஏறினா விக்கிறேல்லை எண்டு நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்" என்றாள் தர்ஷினி.

"சொன்னனான். ஏறாதெண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்."

அந்த முட்டைகள் எல்லாம் லஞ்சம் என்று அப்போதுதான் புரிந்தது. நான் இரண்டையும் சாப்பிட்டுவிட்டேன். வாங்கியதற்கு வேலை செய்வதில்லை என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டேன்.

மறுநாள் தர்ஷினி விடியற்காலையே வண்டியைக் கொட்டாஞ்சேனைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் ஃபில்டர் பெட்டியோடு பஸ்ஸில் போனேன். நிற்க இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, ஒரு வார்த்தையும் கேட்காமல் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கோவையிலும் இந்த வழக்கம் உண்டு, மனம் குளிர்ந்தது. "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்று நடத்துநர் சிங்களத்தில் கத்தக் கத்த, கூட்டம் என்னை ஓட்டுநருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண்மணி இறங்கிவிட்டிருந்தார். பெட்டி ஒரு பள்ளி மாணவியின் மடியில் இருந்தது. அடுத்த நிறுத்தத்துக்குப் பிறகு ஒரு தாடிக்காரர் மடியில். அவர் அதைக் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் மடியில் வாங்கியவர் இறங்கும்போது உரியவரிடம் கொடுத்துவிட்டு இறங்குவார். இங்கே இருக்கையோடு சேர்த்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள்! நான் இறங்குமிடத்தில் "என் பெட்டி, என் பெட்டி" என்று கூவ, அது தலைகளுக்கு மேலாகக் கை மாறிக் கை மாறி மிதந்து வந்தது. கடைசியில் கொடுத்த இளைஞன், "கேக்கா, நங்கி?" என்று கேட்டான். நங்கி என்றால் தங்கை. "டீசல் கேக்" என்றேன். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்தான்.

பட்டறை ஒரு தேவாலயத்துக்குப் பின்புறச் சந்தில் இருக்கிறது. சுவரில் அந்தோனியார் சிலை, அதன் தலைக்கு மேல் எப்போதும் எரியும் ஒரு சிவப்பு பல்பு, அதற்குக் கீழே தொங்கும் ஃபேன் பெல்ட்டுகள். பட்டறைக்காரர் ஜூட் அண்ணனுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிறவர்.

"வாங்க மிஸ், வாங்க. இந்தியாவில இருந்து டொக்டர் வாறாங்கன்னு தர்ஷினி மிஸ் சொன்னாங்க. நோயாளி இந்தா படுத்திருக்கு."

நோயாளி அழகாக இருந்தது. வெளியே பால் நிறம், பச்சைக் கோடு. உள்ளே மர வாசனை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. அதன் மூலையில் குழிவாக ஒரு சாமித் தட்டு. தட்டில் சட்டம் போட்ட பிள்ளையார் படம், விபூதிக் கிண்ணம், ஊதுபத்தித் தண்டு.

"இது அம்மாவின்ர இலாகா" என்றாள் தர்ஷினி. "எங்கட ஒழுங்கையில வண்டி கடலைப் பாத்து நிண்டா, பிள்ளையார் கிழக்கைப் பாப்பார். அதுக்காக அந்த மூலையிலதான் வைக்கவேணும் எண்டு தச்சரை நாள் முழுக்க நிக்கவச்சுச் செய்விச்சவ. ஓடேக்க எங்க பாத்தாலும் பரவாயில்லையாம். நிப்பாட்டினா கடலைப் பாத்து நிப்பாட்டோணுமாம்."

"நுவரெலியாவுல கடலுக்கு எங்க போவ?"

"அதுதான் விக்கச் சொல்லுறா போல."

வேலையைத் தொடங்கினோம். எங்கள் சோதனைக்கூடத்தில் இருக்கும் மின்னணுக் கருவியைக் கொண்டுவர முடியாது. அதனால் மருந்துக் கடையில் வாங்கிய தெளிவான குழாயை ஒரு மீட்டர் பலகையில் U வடிவில் கட்டினேன். பாதி வரை தண்ணீர். நிறம் தெரிவதற்காகச் சந்து முனைக் கடையில் வாங்கிய ரோஜா சர்பத் கொஞ்சம். குழாயின் ஒரு முனையை ஃபில்டருக்கு அடுத்து எஞ்சினுக்குப் போகும் பாதையில் செருகிவிட்டால், எஞ்சின் இழுக்கும்போது தண்ணீர் அந்தப் பக்கம் ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மூச்சுத் திணறல். ஒரு சாண் ஏறினால் ஆரோக்கியம்.

தர்ஷினி அக்ஸிலரேட்டரை அழுத்தினாள். சிவப்புத் தண்ணீர் சரசரவென்று ஏறியது, பலகையின் உச்சியைத் தாண்டியது, அப்படியே எஞ்சினுக்குள் போய் மறைந்தது. குழாய் காலி.

ஜூட் அண்ணன் குழாயைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். "குடிச்சிட்டுதே மிஸ். ஜூஸ் கடைக்கு இப்பவே பழகுது."

பழைய ஃபில்டரைக் கழற்றினேன். கறுப்பாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது, மாவு தூவியதுபோல. கடற்கரை வண்டி, உப்பு என்று சொன்னேன். ஜூட் அண்ணன் முகர்ந்து பார்த்து, "மணக்குது" என்றார். தர்ஷினியும் முகர்ந்தாள். எனக்கும் லேசாகச் சந்தன வாசனை வந்தது. புது மர வேலை செய்த வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நானே விளக்கமும் சொன்னேன்.

புது ஃபில்டர், புதுக் குழாய் எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் மதியம் தாண்டிவிட்டது. சோற்றுப் பார்சல் வந்தது. வாழையிலைக்குப் பதில் பிளாஸ்டிக் தாள், உள்ளே சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாக்கொட்டைக் கறி, ஒரு பொரித்த மீன். ஜூட் அண்ணன் சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிட்டார். நான் கண்ணை மூடிப் பெரிய ஃபில்டரை நினைத்துக்கொண்டேன்.

மறுபடி அளந்தோம். தண்ணீர் ஏறியது, உச்சி வரை போனது, ஒரு கணம் தயங்கியது, அப்புறம் அதுவும் உள்ளே போயிற்று.

"ரெண்டாவது கிளாஸ்" என்றார் ஜூட் அண்ணன்.

கொழும்பில் மலை இல்லை. இருப்பதில் பெரிய ஏற்றம் களனி ஆற்றுப் பாலத்து ஏற்றம்தான். அன்று மாலை அதில் ஏறிப் பார்த்தோம். பேலியகொடை மீன் சந்தைக்குப் போகும் லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. பிறகு ஒரு வேன். பிறகு ஐஸ் பெட்டி ஏற்றிய ஓர் ஆட்டோ. ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, உள்ளே எட்டிப் பார்த்து, "நங்கி, கயிறு இருக்கு, கட்டி இழுக்கவா?" என்று சிங்களத்தில் கேட்டார். தர்ஷினி பல்லைக் கடித்துக்கொண்டு கியரை இறக்கினாள். கண்ணாடியில் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் பாலமே தெரியவில்லை, புகைதான் தெரிந்தது.

"என்னடி செய்யிறது?" என்றாள், முன்னால் பார்த்தபடியே. விடுதியில் தேர்வுக்கு முந்தின நாள் கேட்கும் அதே குரல். "திருப்பி அந்தக் கண்ணாடி அறைக்குள்ள போய் இருக்கேலாது. ஆனா இதை ஒவ்வொரு நாளும் கல்கிசையில டயர் இல்லாமப் பாத்துக்கொண்டும் இருக்கேலாது."

 பட்டறைக்குத் திரும்பி, காற்று வரும் பாதையை மறுபடி முதலிலிருந்து வரிசைப்படுத்தினேன். ஃபில்டர் சரி. ஃபில்டருக்குப் பின் சரி. ஃபில்டருக்கு முன்?

"அதுக்கு முன்னால ஒரு குழாய் இருக்கு" என்றார் ஜூட் அண்ணன். "மூலையில சுவருக்குள்ளால மேல போய், ஜன்னலுக்குப் பக்கத்தில வெளியில வாய் திறக்குது. வாயில டோச் அடிச்சுப் பார்த்தேன். சுத்தமாத்தான் இருந்திச்சு."

"நடுவுல?"

"நடுவில பார்க்கணும்னா அந்தச் சாமித் தட்டைக் கழட்டணும்."

"கழட்டலாமே?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மணிக்கட்டு வரை கிரீஸ். "இந்தக் கையோடயா? நான் வேதக்காரன் மிஸ். ஆன்ட்டி கும்பிடுற இடம். ஆன்ட்டி இங்க வந்தா எங்கட அந்தோனியாருக்கு முன்னால செருப்பைக் கழட்டிட்டுத்தான் நிப்பாங்க. நான் எப்பிடிக் கை வைக்கிறது?"

அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. எங்கள் சோதனைக்கூடத்திலும் சாமி படம் மாட்டிய சுவரில் யாரும் ஆணி அடிப்பதில்லை. வாய் சுத்தமாக இருந்தால் தொண்டையும் சுத்தமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் டீசல் பம்பைக் காட்டுவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை ஆன்ட்டி வண்டிக்குள் விளக்கேற்றும் நாள். ஆகவே வண்டி இரவே வெள்ளவத்தைக்குத் திரும்ப வேண்டும். கடலைப் பார்த்து நிறுத்தினோம்.

வெள்ளிக்கிழமை காலை பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி குளித்து, விபூதி பூசி, ஒரு கையில் நந்தியாவட்டைப் பூக்களும் இன்னொரு கையில் ஊதுபத்தியுமாக வந்தார்.

"வா பிள்ளை, உனக்கொரு புதினம் காட்டுறன். நீ படிச்ச பிள்ளை, நம்பமாட்டாய். கண்ணால பார்."

வண்டிக்குள் போனோம். பூ வைத்தார், ஊதுபத்தி கொளுத்தித் தண்டில் செருகினார். புகை நேராக எழுந்தது. "தர்ஷி, எஞ்சினை ஸ்ராட் பண்ணி அக்ஸிலரேட்டரை அமத்து" என்றார்.

எஞ்சின் உறுமியது. புகை அப்படியே மடங்கியது. யாரோ நூலைப் பிடித்து இழுப்பதுபோல, ஒரு கோடாகப் பிள்ளையார் படத்தை நோக்கிப் போய், சட்டத்துக்குப் பின்னால் நுழைந்து காணாமல் போயிற்று.

"பாத்தியே? எடுக்கிறார்" என்றார் ஆன்ட்டி, குரலைத் தாழ்த்தி. "புறப்படுற நேரம் மட்டும்தான் எடுப்பார். கோயில்ல சொன்னன், ரெண்டு குடும்பம் வந்து பாத்திட்டும் போனவை."

என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. கசிவு கண்டுபிடிக்க எங்கள் சோதனைக்கூடத்தில் செய்வதும் இதேதான்: புகை விட்டுப் பார்ப்பது. மூன்று மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆன்ட்டி அந்தச் சோதனையைச் சரியாகச் செய்து, முடிவை ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்.

"ஆன்ட்டி, எஞ்சினை நிறுத்திட்டு ஒருதரம் பார்க்கலாங்களா?"

நிறுத்தினோம், புகை நேராக நின்றது. ஓட்டினோம், மடங்கியது. மறுபடி நிறுத்தினோம். ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்தார். நான் மெதுவாகச் சொன்னேன்: படத்துக்குப் பின்னால் எஞ்சினின் மூச்சுக்குழாய் இருக்கிறது. அதில் எங்கேயோ அடைப்பு. அடைப்புக்குப் பக்கத்தில் வெடிப்பு. வெளியிலிருந்து காற்றுக் கிடைக்காத எஞ்சின், கிடைக்கிற ஓட்டையால் வீட்டுக்குள்ளிருந்து இழுக்கிறது.

 ரயில் ஒன்று போயிற்று. தட்டைக் கழற்றச் சொல்ல வேண்டியவர் ஆன்ட்டி. கழற்றாவிட்டால் நாளை வண்டி கல்கிசைக்குப் போகும், அவர் கேட்டது நடக்கும். தர்ஷினிக்கும் அது தெரியும். "அம்மா, உங்களுக்கு மனமில்லாட்டி விடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆன்ட்டி படத்தின் முன்னால் நின்று, கடைசிப் புகை படத்தைத் தொடாமல் கூரைக்குப் போவதைப் பார்த்தார்.

"நான் எடுக்கிறார் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். "இவர் மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது எண்டு காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்." பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "பன்ரண்டு மணி மட்டும் ராகு காலம். அது முடியக் கழட்டுவம். அதுக்குள்ள கொழுக்கட்டை அவிக்கிறன். சும்மா எழுப்பேலாது அவரை."

ஜூட் அண்ணனுக்குச் சொன்னோம். மோட்டார் சைக்கிளில் வந்தார். கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தைக் காட்டினார். ராகு காலம் முடிந்ததும் ஆன்ட்டியே படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "இனி நீங்கள் கை வைக்கலாம், ஜூட்."

பலகை கழன்றது. உள்ளே குழாய், முடிந்துபோன பற்பசைக் குழாய்போலத் தட்டையாக இருந்தது. படம் மூலையில் நேராக உட்காரக் குழாய் இடைஞ்சலாக இருந்திருக்கிறது; தச்சர் சுத்தியலால் இடம் உண்டாக்கியிருக்கிறார். மடிப்பில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. குழாயைக் கவிழ்த்தபோது வெள்ளைத் தூள் கொட்டியது, அதோடு ஊதுபத்திச் சாம்பலும் காய்ந்த இரண்டு நந்தியாவட்டை இதழ்களும். தர்ஷினி தூளை விரலில் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டாள்.

"இதுதான் நேத்து நீ சொன்ன உப்படி."

ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "ஐயோ, கோயில் முழுக்கச் சொல்லிப்போட்டன். இனி எந்த முகத்தோட போறது?"

"நீங்க கவலைப்படாதீங்க ஆன்ட்டி" என்றார் ஜூட் அண்ணன். "நான் ஒருநாள் அதைப் பார்த்திட்டு வந்து, எங்கட அந்தோனியார்கிட்டயே கேட்டேன். பிள்ளையார் அவ்வளவு செய்யிறார், நீங்க இத்தனை வருஷத்தில ஒரு மெழுகுதிரியாவது ஊதி அணைச்சீங்களான்னு."

சனிக்கிழமை காலை தர்ஷினியும் நானும் ரயிலில் மருதானை போய், அங்கிருந்து உதிரிப் பாகக் கடைகள் நெருக்கியடித்த தெருக்களில் நடந்தோம். கோவையில் இந்த மாதிரிக் கடைகளில் என்னைப் பார்த்தால் "அப்பா வரலையா?" என்று கேட்பார்கள். இங்கே கடைக்காரர் என்னைப் பார்த்துத் தர்ஷினியிடம், "மகத்தயா வரவில்லையா?" என்றார். மகத்தயா என்றால் ஐயா. அப்பாவிலிருந்து ஐயாவுக்கு முன்னேறியிருக்கிறோம். தர்ஷினி எந்த லாரியின் எந்தக் குழாய் என்று கடகடவென்று சிங்களத்தில் சொன்னதும், மகத்தயாவை மறந்து ஏணியை எடுத்தார்.

கிடைத்தது, லாரிகளின் வெளிப்பக்கத்தில் கூரை வரை எழுந்து நிற்கும் காற்றுக் குழாய். பழையதுதான், ஆனால் என் கை முழங்கை வரை உள்ளே போகிற அகலம். அதை ரயிலில் கொண்டுவர முடியாமல், ஆட்டோவில் இருவர் மடியிலும் குறுக்கே வைத்து, ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கொட்டாஞ்சேனை சேர்ந்தோம். வழியில் இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வெள்ளி மாலையே பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டிருந்த வண்டியின் மூலையில் ஜூட் அண்ணன் வெளிப்புறமாக அதைப் பொருத்தினார். சுவருக்குள் இனி எதுவும் இல்லை. நான் புது ஃபில்டரையும் குழாயையும் ரப்பர் மூட்டோடு இணைத்து, கிளிப்புகளை வரிசையாக இறுக்கி, ஒவ்வொன்றாக மறுபடி இழுத்துப் பார்த்தேன். சாயும் வெயிலில், கூரையிலிருந்து தொங்கும் கறுப்புத் தும்பிக்கைபோல அது இருந்தது. பலகையைக் கட்டினோம். சர்பத் ஊற்றினோம். தர்ஷினி அழுத்தினாள்.

தண்ணீர் ஏறியது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அங்கேயே நின்றது.

"தாகம் போயிட்டுது" என்றார் ஜூட் அண்ணன்.

ஆன்ட்டி பிள்ளையார் படத்தோடு வெள்ளவத்தையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "பாலத்தில ஏத்தப்போறீங்கள் எல்லோ? அவரில்லாமப் போகப்படாது" என்றார். செய்த நாளிலிருந்து ஆன்ட்டி அந்த வண்டிக்குள் ஒவ்வொரு வெள்ளியும் நின்றிருக்கிறார். அது ஓடும்போது ஒருநாளும் இருந்ததில்லை. கட்டிலில் உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்து, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

ஏற்றம் தொடங்கியது. தர்ஷினி கியரை இறக்கவில்லை. எஞ்சினின் சத்தம் மாறியிருந்தது. இருமல் போய், அடிவயிற்றிலிருந்து வரும் ஒரே சீரான சத்தம். முன்னால் ஒரு மீன் லாரி. தர்ஷினி சிக்னல் போட்டாள், வெளியே எடுத்தாள், தாண்டினாள். பிறகு ஓர் ஆட்டோ. அதே ஆட்டோவா என்று தெரியாது; ஐஸ் பெட்டி இருந்தது. ஆன்ட்டி கண்ணாடியைத் திறந்து, "கயிறு வேணுமோ?" என்று தமிழில் கூவினார். நேற்றே தர்ஷினி கதையைச் சொல்லிவிட்டிருக்கிறாள்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் பாலம் தெளிவாகத் தெரிந்தது.

உச்சியில் ஒரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள், இன்னொரு பக்கம் ஆறு. ஆன்ட்டி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது. கல்கிசைக்காரர். தர்ஷினி கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள்.

"ஓம் தம்பி, வணக்கம்... வாகனமோ? இல்லை, வீட்டில நிக்கேல்லை. பாலத்துக்கு மேல நிக்கிறம்... இல்லையில்லை, பழுதாகி நிக்கேல்லை, ஓடிக்கொண்டு நிக்கிறம்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அதுக்கென்ன, நல்ல வியாபாரம்தான். ஆனா ஜூஸ் கடைக்கு ஓடாத ஒண்டாப் பாருங்கோ. இது ஓடுது."

தொலைபேசியைக் கைப்பையில் போட்டார்.  தர்ஷினி முழங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த கியருக்கு மாற்றினாள்.

"மெதுவா ஓடு" என்றார் ஆன்ட்டி. "நுவரெலியாவுக்கு நானும் வருவன். அங்க கடல் எந்தப் பக்கம் எண்டு விசாரிச்சு வை."

வெள்ளவத்தைக்குத் திரும்பி, கடலைப் பார்த்து நிறுத்தினோம். கூடவே வந்திருந்த ஜூட் அண்ணன் தடுப்பின் நடுவில், குழாய் எதுவும் இல்லாத இடத்தில், தட்டைப் பொருத்தினார். படம் அதே கிழக்கைப் பார்த்தது. ஆன்ட்டி மீதியிருந்த கொழுக்கட்டைகளை வைத்து, பூ வைத்து, ஊதுபத்தி கொளுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் நால்வரும் புகையைப் பார்த்தோம்.

அது நேராக மேலே போயிற்று. தர்ஷினி அக்ஸிலரேட்டரை ஒருதரம் அழுத்தினாள். அப்போதும் நேராகவே போயிற்று.

ஆன்ட்டி சற்று நேரம் காத்திருந்தார். பிறகு ஒரு கொழுக்கட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"ம்... இண்டைக்கு வயிறு நிறைஞ்சிருக்கும்" என்றார்.